பக்க வாசலில் நின்ற வேன்

அவள் வேனை எப்போதும் திருப்பித்தான் நிறுத்துவாள். முன்பக்கம் சாலையைப் பார்த்திருக்கும், பின்கதவு பள்ளியைப் பார்த்திருக்கும். மற்ற ஏழு வேன்களும் பள்ளியின் முன்வாசலில், சாப்பாட்டுக் கடைக்கு எதிரே, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அவளுடைய வெள்ளை வேன் மட்டும் பக்க வாசலுக்கு வெளியே, கால்வாய் ஓரத்துத் தூங்குமூஞ்சி மரத்தடியில் தனியாக நிற்கும். அந்த மரத்துக்கு அப்பால் செம்பனைத் தோட்டம்தான். குரங்குகளைத் தவிர வேறு யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

"ஏம்மா இங்க வந்து நிறுத்துற? எல்லாரும் அங்கதான நிக்கிறாங்க?" என்று முதல் நாளே கேட்டேன்.

"அங்க ஏற்கெனவே ஏழு வேன் இருக்குல்ல அக்கா. எட்டாவதா போயி நான் என்னா செய்யப் போறேன்?"

இந்தப் பதிலைக் கொஞ்சம் மாற்றி மாற்றி அவள் எல்லாவற்றுக்கும் சொல்வாள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

பெயரை எழுதப்போவதில்லை. கூட்டத்தில் தன் பெயரைக் கூப்பிட்டால் அவளுக்குப் பிடிக்காது. பிள்ளைகளுக்கு அவள் வேன் அக்கா. என்னைவிட மூன்று வயது இளையவள். ஒல்லியான உடம்பு, எப்போதும் முழுக்கைச் சட்டை. ஆனால் வலது கையை மட்டும் முழங்கை வரை சுருட்டி ஜன்னலில் வைத்து ஓட்டியதால் அந்தக் கை தனியாகக் கறுத்திருக்கும். சக்கரம் உருளும்போது கைப்பேசியைத் தொடமாட்டாள். வண்டியைக் கிளப்புவதற்கு முன் அதை ஒரு வெள்ளைத் துண்டில் சுற்றி, முன்பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டுத்தான் சாவியைத் திருப்புவாள். பிள்ளையின் அம்மாவாக நான் அவளிடம் முதலில் கவனித்தது இதைத்தான். கவனித்து நிம்மதியானேன். ஆனாலும் இறங்கவில்லை.

நான் ஏன் பள்ளி வேனில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல வேண்டும். என் மகள் தர்ஷினி வீட்டில் வாய் ஓயாமல் பேசுவாள். பாலர் பள்ளியிலும், பிறகு முதல் வகுப்பான ஆண்டு ஒன்றிலும், பள்ளியின் வாசலைத் தாண்டியதும் அவள் வாய் பூட்டிக்கொள்ளும். தண்ணீர் வேண்டும் என்றுகூடக் கேட்கமாட்டாள். கோலசிலாங்கூரில் ஒரு தனியார் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் பகுதியில் எனக்கு வேலை. மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். என் கணவருக்கு சுங்கை சோ பக்கம் தொழிற்சாலை வேலை. வீட்டிலிருந்த ஒரே காடியை அவர் ஓட்டிப் போய்விடுவார். எனவே காலை ஆறே காலுக்கு மகளோடு நானும் வேனில் ஏறுவேன். பிள்ளைகள் இறங்கிய பிறகும் நான் முன் இருக்கையிலேயே உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால், பக்கக் கண்ணாடியில் ஆண்டு ஒன்று வகுப்பின் ஜன்னல் தெரியும். ஜன்னலில் என் மகளின் இரட்டைச் சடை தெரியும். அவள் திரும்பிப் பார்ப்பாள். நான் கையாட்டுவேன்.

இது சரியா தவறா என்று தினமும் யோசித்தேன். தினமும் ஏறினேன்.

முன்வாசல் வேன்காரர்களுக்கு நான் நல்ல வேடிக்கை. காலையில் பசியாற ஏதாவது வாங்கக் கடைக்குப் போகும்போதெல்லாம் ஒரு பெரியவர் கேட்பார்: "என்னாம்மா, நீயும் ஆண்டு ஒண்ணா? யூனிபோர்ம் எங்க?"

அவள் மட்டும் எதுவும் கேட்கவில்லை. நான் ஏன் இறங்கவில்லை என்று ஒரு நாள்கூடக் கேட்கவில்லை. முதல் நாள் பிள்ளைகள் இறங்கியதும் துண்டைப் பிரித்தாள். கைப்பேசியை ஸ்டியரிங்கில் சாய்த்து வைத்தாள். வேனுக்குள் நான்கு பெண்களின் குரல் வெடித்தது.

"எங்கடி இருக்க? வாடி! நாங்க இங்க செத்துக்கிட்டு இருக்கோம்!"

"சாவுங்க," என்றாள் அவள். "ஆனா மெதுவா சாவுங்க."

நான் பயந்துபோய் எட்டிப் பார்த்தேன். திரையில் ஏதோ விளையாட்டு. சண்டை எங்கும் தெரியவில்லை. ஒரு சிறிய உருவம் காட்டோரப் பாதை ஒன்றில் ஒரு கோபுரத்தை வெட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஒருவரும் இல்லை. சற்று நேரத்தில் கோபுரம் சரிந்தது. பிறகு இன்னொன்று. அவள் அணியின் நான்கு பேரும் ஒருவர்மேல் ஒருவர் பழிபோட்டுக் கத்திக்கொண்டிருக்க, திரை பளீரென்று மின்னி, வெற்றி என்று வந்தது.

"ஜெயிச்சிட்டமா?" என்றது சுங்கை பெசாரில் பேரங்காடியில் இரவு வேலை பார்த்துவிட்டுத் தூக்கம் வராமல் விளையாடும் பெண்ணின் குரல். "எப்படிடி?"

அவள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்கும் அதே கேள்விதான். எப்படி?

நான் எதையும் எழுதிப் படித்தால்தான் ஏறும் ஆள். அன்று மாலையே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். ஐந்து பேருக்கு ஐந்து பேர். இரண்டு மூலைகளில் இரண்டு தளங்கள். இடையில் மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று பாதைகள். ஒவ்வொரு பாதையிலும் காவலுக்குக் கோபுரங்கள். இரண்டு தளத்திலிருந்தும் குட்டிச் சிப்பாய்கள் தாமாகவே வரிசையாகக் கிளம்பி நடந்துவந்து மோதிக்கொள்வார்கள். எதிரித் தளத்தை உடைப்பவர் வென்றவர். எத்தனை பேரைக் கொன்றோம் என்பது முடிவைத் தீர்மானிப்பதில்லை. இந்தக் கடைசி வரியை எழுதிவிட்டு அதன்கீழ் கோடு போட்டேன்.

அவள் செய்தது இவ்வளவுதான். எல்லாரும் நடுவில் கூடும்போது அவள் தூரத்துப் பாதைக்குப் போவாள். எதிரியின் குட்டிச் சிப்பாய்களைத் தீர்ப்பாள். தன் சிப்பாய்களை முன்னால் நடக்கவிட்டுப் பின்னால் போவாள். கோபுரம் அவர்களைச் சுட்டுக்கொண்டிருக்கும்போது அவள் கோபுரத்தை அடிப்பாள். எதிரிகள் ஒன்று கோபுரத்தை விட வேண்டும், அல்லது அவளைத் துரத்த ஆள் அனுப்ப வேண்டும். ஒருவன் வந்தால் மோதுவாள். இரண்டு மூன்று பேர் வந்தால் ஓடிவிடுவாள். அந்த மூன்று பேர் அவள் பின்னால் அலையும்போது நடுவில் நம் ஆட்கள் நான்கு, அவர்கள் இரண்டு.

"தனியா போறியே, பயமா இல்லியா?"

"பயமாத்தான் இருக்கும். அதனாலதான மேப்ப பாக்குறேன்."

திரையின் மூலையில் தபால்தலை அளவுக்கு ஒரு வரைபடம் இருந்தது. மூச்சு விடுவதுபோல் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எதிரிகள் அதில் சிவப்புப் புள்ளிகளாகத் தெரிவார்கள். தெரியாதபோதுதான் ஆபத்து.

"ஆளக் காணோம்னா நம்மகிட்டதான் வர்றான்னு அர்த்தம். வீட்டுக்கு ஓடிரணும்."

எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டேன். "அதுல என்னா இருக்கு அக்கா, பாத்துக்கிட்டே இருங்க," என்று தட்டிக்கழித்தாள். இரண்டு மூன்று முறை கேட்டும் அதே பதில். ஒரு வாரம் பார்த்தேன். ஒரு கண்ணால் அவள் திரை, மறு கண்ணால் பக்கக் கண்ணாடி.

விளையாட்டில் மட்டும் அவள் அப்படி இல்லை என்பதைச் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று எனக்குக் காட்டியது. ஒரு காலை, தோட்டச் சாலையில் அது சாய்ந்து கிடந்தது. குலைகள் சாலை முழுக்கச் சிதறியிருந்தன. முன்னால் போன வேன்கள், காடிகள், மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் நின்றுவிட்டன. இறங்கிய ஆண்கள் லோரியைச் சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். லோரி ஓட்டுநருக்கு அடி எதுவும் படவில்லை. அவர் ஓரமாக உட்கார்ந்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார். அதை மட்டும் அவள் எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டாள். பிறகு ரிவர்ஸ் எடுத்தாள்.

"எங்க போற? இறங்கி என்னா ஏதுன்னு கேக்க வேணாமா?"

"இருபது பேரு கேட்டுக்கிட்டுதான இருக்காங்க. இருபத்தோராவது ஆளு போயி என்னா கேக்கப் போறான்?"

செம்பனை வரிசைகளுக்கு நடுவே, குலை வெட்டுபவர்கள் போகும் மண்பாதை ஒன்றில் வேன் நுழைந்தது. இரண்டு பக்கமும் ஓலைகள் உரசின. பின்னால் பதினொரு பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். தர்ஷினி மட்டும் சத்தமில்லாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாதையின் முடிவில் சங்கிலி போட்ட கதவு. ஹார்ன் அடிக்கவில்லை. அங்கே காவலுக்கு இருந்த தோட்டத்து ஜாகா அவளைப் பார்த்ததும் சங்கிலியைக் கழற்றினார். மழையில் நனைந்துகொண்டு நின்ற அவரை அவள் எத்தனையோ நாள் வேனில் ஏற்றி வீட்டில் விட்டிருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பக்க வாசலில் நின்றோம். முன்வாசல் காலியாக இருந்தது.

புகழவேண்டும் என்று இதை எழுதவில்லை. அதே பாதையில் இரண்டு வாரம் கழித்து, ஒரு நல்ல மழைக்கு மறுநாள், சாலையில் எந்தத் தடையும் இல்லாதபோதே அவள் நுழைந்தாள். நேரத்தை மிச்சப்படுத்த நினைத்தாளோ என்னவோ. பின்சக்கரம் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. பதினொரு பிள்ளைகளும் வெள்ளைக் காலணியோடு சேற்றில் இறங்கி நடந்தார்கள். பள்ளிக்கு ஒரு மணி நேரம் தாமதம். மறுநாள் இரண்டு வீட்டார் பிள்ளைகளை வேறு வேனுக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு அம்மா தெருவில் நின்று, "பொண்ணு வண்டி ஓட்டுனா இப்படித்தான்," என்றார். அவள் வாதாடவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, "மேப் பாக்கல, என் தப்பு," என்று மட்டும் சொன்னாள். அந்த அம்மாவுக்கு அது புரிந்திருக்காது. சேற்றில் சிக்கிய அன்று மதியமே பள்ளிக் குழாயடியில் பதினொரு ஜோடி காலணிகளைக் கழுவி, கால்வாய்ச் சுவரில் வரிசையாகக் காயவைத்தவளும் அவள்தான். நான் உதவிக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லவில்லை, நன்றி என்றும் சொல்லவில்லை.

இந்த ஆளிடம் பிள்ளையை நம்பி விடலாமா? அன்று இரண்டு பதில்களும் எனக்குச் சரியாகப்பட்டன. மகளை வேறு வேனுக்கு மாற்றவும் இல்லை, நான் இறங்கவும் இல்லை.

அந்த வாரத்தில்தான் வகுப்பு ஆசிரியை என்னைப் பக்க வாசலுக்கு வந்து பார்த்தார். நல்ல பெண்மணி. தயங்கித் தயங்கித்தான் பேசினார்.

"ஒரு வார்த்த பேச மாட்டேங்குறாம்மா. எழுதுறா, அழகா எழுதுறா. வாசிக்கச் சொன்னா ஜன்னலையே பாக்குறா. தவணை விடுமுறைக்குள்ள ஒரு வரியாச்சும் வாய்விட்டு வாசிச்சாதான் நான் ஏதாச்சும் சொல்ல முடியும். இல்லாட்டி தனி வகுப்புக்குப் பரிந்துரைக்க வேண்டியிருக்கும்."

விடுமுறைக்கு ஐந்து வாரம் இருந்தது. என் விடுப்பும் அதோடு முடிகிறது. வேனில் ஏறி அழுதேன். அவள் அப்போது விளையாடவில்லை. துண்டை நீட்டினாள்.

"நான் இங்க இருக்கும்போதே இப்படின்னா, நான் வேலைக்குப் போயிட்டா என்னா ஆவும்?"

"தெரியல."

"அழுவா. அழுது அழுது காய்ச்ச வந்துரும்."

"அழுது பாத்திருக்கீங்களா?"

யோசித்தேன். இல்லை. அழுவாள் என்று நினைத்துத்தான் வந்துகொண்டிருந்தேன். அவள் அழுது நான் பார்த்ததே இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருந்தது, சொல்லவில்லை. அவளும் மேற்கொண்டு கேட்கவில்லை.

மறுநாள் காலை, பிள்ளைகள் இறங்கியதும், நான் கேட்காமலே தன் பழைய கைப்பேசியை என்னிடம் நீட்டினாள். திரையின் ஒரு மூலை உடைந்திருந்தது.

"கத்துக்கணும்னு சொன்னீங்கல்ல. ஏத்தி வச்சிருக்கேன். பேரு போட்டுக்குங்க."

அவளுடைய விளையாட்டுப் பெயர் வெறும் ஒரு புள்ளி. நான் என்ன வைப்பது என்று அரைமணி நேரம் குழம்பி, கடைசியில் 'தர்ஷினி அம்மா' என்றே வைத்தேன். நான்கு குரல்களும் சிரித்தன.

"வாங்க சம்மந்தியம்மா!" என்றாள் சுங்கை பெசார்க்காரி. "சீர் தட்டு எங்க?"

நான் மிக மோசமான ஆட்டக்காரி. தனிப்பாதையில் போகச் சொல்வாள். போவேன். கோபுரத்தை இரண்டு அடி அடிப்பேன். நடுவில் யாராவது "ஐயோ" என்றால் போதும், அப்படியே விட்டுவிட்டு ஓடுவேன். நான் போய்ச் சேர்வதற்குள் அவர்கள் செத்திருப்பார்கள். பிறகு நானும் சாவேன். திரும்பி வந்தால் என் பாதையில் எதிரியின் சிப்பாய்கள் நம் கோபுரத்தை இடித்துக்கொண்டிருப்பார்கள்.

"கூப்புட்டாங்களே, போகாம எப்படி இருக்குறது?"

"கூப்புடத்தான் செய்வாங்க."

"செத்துப்போறாங்களே!"

"திரும்பவும் எந்திரிச்சு வருவாங்கல்ல அக்கா. இடிஞ்ச கோபுரம் எந்திரிக்காது."

இதையும் நோட்டில் எழுதினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது இரண்டே முறை. இது ஒன்று.

ஆண்டு ஒன்று பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட அரைமணி நேரம் முன்னதாகப் பள்ளி விடும். எங்கள் வேனில் ஆண்டு ஒன்று தர்ஷினி மட்டும்தான். முன்பெல்லாம் மணி அடிப்பதற்கு முன்பே பக்க வாசலில் போய் நின்று கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். விளையாட ஆரம்பித்த பிறகு, எப்படியோ, மணி அடிக்கும் நேரத்தில் நான் ஓர் ஆட்டத்தின் நடுவில் இருப்பேன். பாதியில் வெளியேறினால் நம் பக்கம் நால்வராகிவிடும், மற்றவர்களுக்குத் துரோகம். அவள் தன் ஆட்டத்தை அதற்குள் முடித்திருப்பாள்.

"நீங்க முடிங்க அக்கா. நான் போயி கூட்டிக்கிட்டு வர்றேன்."

அவர்கள் வந்து சேர ஐந்து நிமிடம், சில நாள் அதற்கும் மேல் ஆகும். பள்ளி வாசல் ஜாகாவிடம் பேசிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நான் ஒரு கெட்ட அம்மா என்றும் நினைத்துக்கொள்வேன். கைப்பேசியில் விளையாடிக்கொண்டு பிள்ளையை அழைக்க வேறொருத்தியை அனுப்பும் அம்மா. நாளை முதல் நானே போவேன் என்று தினமும் முடிவு செய்வேன். மறுநாள் மணி அடிக்கும்போது ஏதாவது ஒரு கோபுரம் பாதி சரிந்து நிற்கும்.

விடுமுறைக்கு எட்டு நாள் இருந்தபோது அது நடந்தது.

ஒன்பது மணி இருக்கும். ஒரு கடுமையான ஆட்டத்துக்குள் என்னை மட்டும் ஏற்றிவிட்டாள். "இன்னைக்கு நான் விளையாடல. நீங்க ஓரத்துல போங்க. யாரு கூப்புட்டாலும் போவாதீங்க," என்றாள். முதல் கோபுரத்தை அடித்துக்கொண்டிருந்தபோது வேன் குலுங்கிக் கிளம்பியது. "வண்டிக்கு எண்ணெ ஊத்திட்டு வந்துருவோம் அக்கா," என்ற குரல் எங்கிருந்தோ கேட்டது. ம் என்றேன். நடுவில் சுங்கை பெசார்க்காரி கதறினாள்: "சம்மந்தியம்மா! வாங்க! செத்தோம்!"  போகவில்லை. வரைபடத்தைப் பார்த்தேன். மூன்று சிவப்புப் புள்ளிகளைக் காணோம். ஓடினேன். அவர்கள் மூவரும் காட்டுக்குள் என்னைத் தேடித் திரிந்தார்கள். நடுவில் நம்மவர்கள் எழுந்து வந்து முன்னேறினார்கள். நான் சுற்றிக்கொண்டு மறுபடி என் பாதைக்குப் போனேன். இரண்டாவது கோபுரம். மூன்றாவது. தளத்தின் சுவர்.  திரை மின்னியது.

"ஜெயிச்சிட்டோம்!" என்று கத்திக்கொண்டே தலையை நிமிர்த்தினேன்.

எதிரே படகுகள் நின்றுகொண்டிருந்தன. சேற்று வாடை. ஐஸ் பெட்டிகள். ஜெராம் மீன்பிடித் துறை.

பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் ஜன்னல் இல்லை, வலை காய்ந்துகொண்டிருந்தது.

"திருப்பு," என்றேன். "இப்பவே திருப்பு. அவ பாப்பா. நான் இல்லன்னா என்னா செய்வா தெரியுமா உனக்கு? உனக்குப் புள்ள இருக்கா?"

இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்டிருக்கக்கூடாது. அவள் முகம் ஒன்றும் மாறவில்லை.

"சரி அக்கா. மீன மட்டும் வாங்கிட்டுப் போயிருவோம்."

அவள் அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்துக் கெம்போங் மீன் வாங்கினாள். எனக்கும் ஒரு பை. நான் வாங்கமாட்டேன் என்றேன். என் காலடியில் வைத்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறதா என்று கைப்பேசியைப் பார்த்தபடி வந்தேன். வரவில்லை. வராததும் பயமாக இருந்தது.

பதினொன்றரைக்கு மரத்தடியில் நின்றோம். கண்ணாடியைத் திருகித் திருகிப் பார்த்தேன். இரட்டைச் சடை தெரிந்தது. சடைதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. அவள் ஜன்னலைப் பார்க்கவே இல்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்ததும் நானே ஓடினேன். பக்க வாசலில் ஆசிரியையே தர்ஷினியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. 

"பேசிட்டாம்மா! வாசிச்சும் காட்டிட்டா. ரெண்டு வரி. சின்னக் குரல்தான், ஆனா வாசிச்சா!"

 ஆசிரியை சிரித்துக்கொண்டே தொடர்ந்தார்.

"காலையில பேரு கூப்புடும்போது தானாவே எந்திரிச்சா. 'டீச்சர், எங்கம்மா இன்னைக்கி ஜெராமுக்கு மீன் வாங்கப் போறாங்க, சாப்பாட்டுக்குள்ள வந்துருவாங்க'ன்னா. வகுப்பே வாயப் பொளந்துருச்சு. அதுக்கப்புறம் ஒரு தடவகூட ஜன்னல் பக்கம் திரும்பல. என்னா மீன் வாங்குனீங்க?"

"கெம்போங்," என்றேன்.

வேனை நோக்கி நடக்கும்போதுதான் அது உறைத்தது. பெயர் கூப்பிடுவது ஏழரை மணிக்கு. ஏழரைக்கு நான் மரத்தடியில், கண்ணாடியில் சடையைத் தேடிக்கொண்டிருந்தேன். ஜெராமுக்குப் போகப்போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

அவள் கைப்பேசியைத் துண்டில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஜெராமுக்குப் போகணும்னு நீ எப்ப முடிவு பண்ண?"

"வழியிலதான். மீன் நல்லாருக்கும்னு தோணுச்சு."

"வழியிலயா?"

"ம்."

முன்பெட்டியை மூடினாள். பின் இருக்கையில் ஏறிய தர்ஷினியைக் கண்ணாடியில் ஒரு கணம் பார்த்தாள். சிரித்தாள். நான் சொன்ன இரண்டாவது முறை இதுதான்.

விடுமுறை முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாள் காலை வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன். தண்ணீர் போத்தலை எடுத்தாயா, கைக்குட்டை எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "அக்கா, கைய எடுங்க லா. கதவ சாத்தணும்," என்றாள் அவள். எடுத்தேன். அன்று கிளினிக்கில் மருந்து உறைகளில் நேரத்தை மூன்று முறை தப்பாக எழுதி, மூன்று முறை கிழித்துப் போட்டேன். மாலையில் தர்ஷினி காய்ச்சல் இல்லாமல் வந்து சேர்ந்தாள்.

அந்த ஆண்டு முடிந்ததும் அவள் வேனை விற்றுவிட்டு ஜொகூருக்குத் தொழிற்சாலை பஸ் ஓட்டப் போய்விட்டாள். சொல்லிக்கொள்ளவில்லை. கடைசி நாளும் வழக்கம்போல இறக்கிவிட்டு, வழக்கம்போலப் போனாள். பழைய கைப்பேசியை மட்டும் திருப்பிக் கேட்கவில்லை. எப்போதாவது அதைத் திறந்தால், நண்பர்கள் வரிசையில் அந்தப் புள்ளி பச்சையாக எரியும். அழைக்கலாமா என்று நினைப்பேன். அவளிடம் என்ன கேட்பது? கேட்டால் வழியிலதான் என்பாள்.

தர்ஷினி இப்போது ஆண்டு மூன்று. பள்ளியில் அதிகம் பேசுகிறாள் என்று புகார் வருகிறது. போன வாரம் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது, எதையோ கேட்பதுபோலக் கேட்டேன்.

"அப்பல்லாம் வேன் அக்கா ஒன்ன கூட்டிக்கிட்டு வருவாங்கல்ல. வழியில என்னாதான் பேசுவாங்க உங்கிட்ட?"

"அக்கா அவ்வளவா பேசமாட்டாங்கம்மா. நான்தான் பேசுவேன்."

"பள்ளிக்கூடத்துலயா?"

"ஆமா. வாசலுக்கு உள்ளேருந்தே ஆரம்பிச்சு வேன் வரைக்கும். ஜாகா அங்கிளும் கேட்டுக்கிட்டு நிப்பாரு."

"என்னா பேசுவ?"

"எல்லாம்."

ஒரு விடுமுறை நாளில் தனியாகப் போய் அந்த இடத்தை நடந்து பார்த்தேன். பக்க வாசலிலிருந்து தூங்குமூஞ்சி மரம் வரை நாற்பது அடி. மெதுவாக நடந்தாலும் அரை நிமிடம் ஆகாது. தினமும் ஐந்து நிமிடம் அங்கே என் மகள் பேசிக்கொண்டு வந்திருக்கிறாள், பக்கக் கண்ணாடியில் நன்றாகத் தெரியும் இடத்தில். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒரு கோபுரத்தை இடித்துக்கொண்டிருந்தேன்.